அடுப்பறை வாடகைக்கு

மனைவி இரண்டு வழி சொன்னாள். ஒன்று, நான் திரும்ப ராத்திரி வேலைக்குப் போகவேண்டும். இல்லையென்றால் பின்பக்கத்து அடுப்பறையை வாடகைக்கு விடவேண்டும். மூன்றாவது வழி இருந்தால் யோசித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு மருந்துக்கடைக்குக் கிளம்பிப் போனாள். அங்கே அவள் பத்து மணி நேரம் நின்றபடி மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். ஏழு மாதமாக வீடு அவள் கால்வலியில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் யோசிக்கவில்லை. ஒன்பது வருடம் பாட்டில் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவன் நான். வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, நிற்காமல் போகும் பாட்டில்களில் விரிசல் விட்டதைப் பொறுக்கி எறிவதுதான் வேலை. கண்ணை மூடினாலும் பாட்டில் போகும். ஒருநாள் பாதி ஷிப்டில் எழுந்து வந்துவிட்டேன். என்ன காரணம் என்று மேற்பார்வையாளர் கேட்டதற்குத் தூக்கம் வருகிறது என்றேன். இனி அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார என்னால் முடியாது. ஆகவே அடுப்பறைதான்.

அடுப்பறையில் அக்கா இருந்தாள். அது ஒன்றுதான் சிக்கல்.

என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். கல்யாணமாகிப் பதினாறாம் மாதம் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தவள், ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அம்மா போனபிறகு எனக்குச் சோறு போட்டு, துணி துவைத்து, பள்ளிக்கூடத்துக்கு விரட்டியது அவள்தான். இதை மறைப்பதில் பயனில்லை. அப்பா சாகும்முன் வீட்டை என் பெயரில் எழுதினார். அக்காவைப் பற்றி, "இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்று வாயால் சொன்னார். வாயால் சொன்னதற்குப் பத்திரம் கிடையாது.

முன்பக்கம் கேஸ் அடுப்பு வந்தபிறகு பின்னறையை அக்கா எடுத்துக்கொண்டாள். அங்கே நாலு காலில் நிற்கும் இரும்பு விறகடுப்பு ஒன்று உண்டு, சுவரைத் துளைத்து வெளியே போகும் புகைக்குழாயோடு. அவளுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. குளிர் ஏறினால் மடங்காது, மடக்கினால் நீளாது. அடுப்பங்கரையில் சூடு பட்டுப் படுத்தால்தான் மறுநாள் எழுந்து நடப்பாள். அந்த மூலை போனால் அவளுக்கு என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். நாங்கள் அவளுக்காக யோசித்து வைத்திருந்த இடம் குளியலறைக்குப் போகும் நடை. வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம்.

ஆனால் அடுப்பறை இருந்த கோலத்தில் அதை ஒரு பிச்சைக்காரனும் வாடகைக்கு எடுக்கமாட்டான். சுவர் முழுக்கக் கரி. அடுப்பின் வயிற்றில் துரு செதில் செதிலாக உரிந்தது. முன்னால் சிமெண்ட் தரை தணல் விழுந்து விழுந்து வெடித்துக் கிடந்தது. ஆள் வைத்துச் சரிசெய்யக் கையில் காசு இல்லை. அந்த அடுப்பை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த ஒரே ஆள் அக்காதான்.

அவளுக்காகத்தான் என்று சொல்லி அவளையே செய்யவைக்கலாம் என்ற யோசனை என்னுடையது. மனைவிமேல் போட்டால் வசதியாக இருக்கும். ஆனால் என்னுடையது.

அன்றைக்குச் சாயங்காலமே போய் அடுப்பறை வாசலில் நின்றேன். உன் மூலையைக் கொஞ்சம் நன்றாக ஆக்கலாமா என்று கேட்டேன். அக்கா கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடா திடீர்னு கரிசனம்? உடம்புக்கு ஏதாவதா உனக்கு?"

சும்மா இருக்கிறேன், கை நமநம என்கிறது என்றேன். அதை அவள் நம்பினாள். சும்மா இருப்பவனைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே ஒரு கருத்து இருந்தது.

மறுநாளே தலையில் துணி கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். குழாயை மூன்று துண்டாகக் கழற்றி வெளியே தட்டியதில் ஒரு வாளி கரி விழுந்தது. கம்பிச் சுருளும் புளித்த காடியும் வைத்து இரும்பைத் தேய்த்தாள். தரையில் உட்கார முடியாது என்பதால் ஒரு மரப்பெட்டியில் ஒருக்களித்து, ஒரு காலை நீட்டிக்கொண்டு தேய்த்தாள். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன், குப்பை அள்ளினேன். அதற்கே மதியம் இரண்டு மணிநேரம் படுத்துவிடுவேன்.

கறுப்பு பெயிண்ட் வாங்கி வரும் பொறுப்பு என்னுடையது. சூடு தாங்கும் பெயிண்ட் என்று அவள் சொல்லியிருந்தாள். அது விலை அதிகமாக இருந்தது. கறுப்பு கறுப்புதானே என்று கதவுக்கு அடிப்பதை வாங்கி வந்து, அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் நானே அடித்தும் முடித்தேன். பளபளவென்று இருந்தது. சாயங்காலம் நாலு சுள்ளி வைத்துப் பற்றவைத்தாள். பத்து நிமிடத்தில் அடுப்பு முழுக்கக் கொப்புளம். நாற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் தலையை நீட்டி யாராவது டயரைக் கொளுத்துகிறீர்களா என்று கேட்டார்.

அக்கா இருமிக்கொண்டே சிரித்தாள். "கூஜா தூக்கறவன் குதிரை ஓட்டப் போனானாம். நீ போய்ப் படுத்துக்கடா."

மறுபடி முழுதும் சுரண்டினாள். நாலு நாள் ஆயிற்று. பிறகு அவளே போய் சரியான டப்பாவைச் சிறியதாக வாங்கி வந்து துணியில் தொட்டுத் தொட்டு மெல்லிசாகப் பூசினாள். சுவருக்குச் சுண்ணாம்பு. அதில் செங்கல்தூளை மெல்லிய துணியில் சலித்துக் கலந்தாள். காய்ந்தபிறகு சுவர், அடித்த மாதிரியே தெரியாமல், உள்ளிருந்து வெளிச்சம் வருகிற மாதிரி ஒரு இளஞ்சிவப்பில் நின்றது. தரைக்கு, டைல்ஸ் கடையின் பின்பக்கம் கொட்டி வைத்திருந்த உடைசல். கடைக்காரர் சும்மா எடுத்துப்போகச் சொன்னார். இரண்டு சாக்கு சுமந்தது நான், ஒத்துக்கொள்கிறேன். அதைக் கொட்டி, நிறம் பிரித்து, ஒவ்வொரு துண்டாகத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து ஒன்பது நாள் பதித்தாள். அடுப்புக் காலடியில் கரும்பச்சை, விலக விலக வெளுத்துக்கொண்டே போய் வாசலில் வெள்ளை. முட்டிபோட முடியாதவள் குப்புறப் படுத்துக்கொண்டு பதித்தாள்.

நன்றாக இருந்தது. இவ்வளவு கைவேலை தெரிந்தவளை நாற்பது வருடமாகக் கிழங்கு உரிக்க விட்டிருக்கிறோம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது, போனது.

மனைவி போனில் படம் எடுத்தாள். அக்கா தலையை ஒதுக்கிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணி, கொஞ்சம் தள்ளிக்குங்க. வெளிச்சம் மறைக்குது" என்றாள் மனைவி.

அக்கா தள்ளிக்கொண்டாள். பெட்டியையும் பாயையும்கூட அவளே இழுத்து ஓரம் போட்டாள், படம் சுத்தமாக வரட்டும் என்று.

அன்றைக்கே இணையத்தில் வாடகை விளம்பரம் போட்டோம். தட்டியது மனைவி. இங்கேதான் தவறு நடந்தது. எங்கள் வீட்டில் எந்தப் படிவத்தில் தொலைபேசி எண் கேட்டாலும் அக்காவின் எண்ணைத்தான் கொடுப்போம். கேஸ்காரன், கரண்டுக்காரன், பார்சல்காரன், தெரியாத எவன் கூப்பிட்டாலும் அந்தத் தொல்லை அவளோடு போகட்டும் என்பது மனைவி வந்த நாளிலிருந்து வழக்கம். கை பழகிவிட்டது. அடுப்பறை வாடகைக்கு என்ற விளம்பரத்துக்குக் கீழே அக்காவின் எண் போய் உட்கார்ந்தது. நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

இரண்டு வாரம் ஒரு அழைப்பும் இல்லை. மனைவி வாடகையைக் குறைத்தாள். பிறகும் இல்லை. அடுத்த மாதம் முதல் தேதிக்குள் ஆள் வராவிட்டால் பாட்டில் கம்பெனிக்குப் போய்க் காலில் விழுங்கள் என்று சொல்லிவிட்டாள். எனக்கு மறுபடி கண்ணுக்குள் பாட்டில் ஓட ஆரம்பித்தது.

அக்கா மட்டும் உற்சாகமாக இருந்தாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது தின்னக் கொடுத்தாள். அடுப்புக் கதவின் பித்தளைப் பிடியை நாளுக்கு மூன்றுமுறை துடைத்தாள்.

ஒருநாள் காலை பின்பக்கம் கை கழுவப் போனவன் உள்ளே அவள் குரலைக் கேட்டு நின்றேன். போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"போயிடுச்சுங்க. நேத்துதான் அட்வான்ஸ் வாங்கினோம். இல்லைங்க, படத்துல பார்த்து ஏமாறாதீங்க, ஒரே புகை. எலி வேற. பூனைக்கே பயப்படாத எலி."

வைத்தாள். இரண்டு நிமிடத்தில் அடுத்த அழைப்பு. அதே பதில். இந்தமுறை எலியோடு பாம்பும் சேர்ந்தது.

இரண்டு வாரமாக அவள் தனியாக உட்கார்ந்து தன் அறையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நாங்கள் பதில் சொல்லிவிடுவோம் என்று பயந்திருப்பாள். அழைப்புகள் ஒருநாள் ஓயும், நாங்களும் அலுத்து விட்டுவிடுவோம் என்று நினைத்திருக்கலாம். கெட்ட கணக்கு இல்லை. நான் அந்தக் குழாயடிக்குப் போகாமல் இருந்திருந்தால் அவள் ஜெயித்திருப்பாள்.

மனைவியிடம் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. மறுநாள் மருந்துக்கடையிலிருந்து கூட வேலை செய்கிற பெண்ணை விட்டுக் கூப்பிடச் சொன்னாள், போனைச் சத்தமாக வைத்துக்கொண்டு. இரண்டு மடங்கு வாடகை தருகிறேன் என்று அந்தப் பெண் சொன்னாளாம். அறையில் வயதான ஒருத்தி இருக்கிறாள், அவள் காலிசெய்தால்தான் உண்டு என்றாளாம் அக்கா. எப்போது காலிசெய்வாள் என்று கேட்டதற்கு, "அது மேல இருக்கறவனுக்குத்தான் தெரியும், நீங்க வேணும்னா அவனுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்க" என்றாளாம். கடையே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டும்போது மனைவிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன்.

சிரித்து முடித்ததும் என்ன செய்வது என்று பேசினோம். எதிரே போய்க் கேட்டால் அக்கா அழுவாள், தெரு கூடும், அப்பா சொன்னது வெளியே வரும். அதனால் கேட்கவேண்டாம் என்று முடிவு செய்தோம். புதிதாக இன்னொரு விளம்பரம், என் எண்ணோடு. பழையதை எடுக்கவில்லை. எடுத்தால் அவளுக்கு அழைப்பு நின்றுவிடும், உஷாராகிவிடுவாள். அது பாட்டுக்கு இருக்கட்டும், அவள் பாட்டுக்கு எலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

புதன்கிழமைகளில் அக்கா முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரி போவாள். திரும்ப மதியம் ஆகும். புது விளம்பரம் போட்டு இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை ஒரு ஜோடி வந்து பார்த்தது. அவன் நிலம் அளக்கிறவன், பேச்சிலும் அளவுதான். அவள் உயரமான பெண், ஆறு மாத வயிறு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் வெறுங்காலால் நடந்து பார்த்தாள். யார் செய்தது என்று கேட்டாள். ஆள் வைத்துச் செய்தோம் என்றேன். மூலையில் பெட்டியும் பாயும் கிடப்பதைப் பார்த்தாள். பழைய சாமான், எடுத்துவிடுவோம் என்றேன். குழந்தை வந்தால் சாமான் வைக்க அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகைத் தட்டு வேண்டும், குனியாமல் எடுக்கிற உயரத்தில் என்று கேட்டாள். கையை நீட்டி உயரத்தைக் காட்டினாள். நான் சுவரில் நகத்தால் கீறிக்கொண்டேன்.

அக்கா வந்ததும், உனக்கு இங்கே ஒரு தட்டு இருந்தால் நன்றாக இருக்கும் இல்லையா என்றேன். கீறின இடத்தைக் காட்டினேன்.

"இவ்வளவு ஒசரத்துலயா? எட்டிப் புடிக்கணும்டா நான்."

"கீழ வெச்சா சூடு பட்டுப் பலகை வளைஞ்சுடும்" என்றேன்.

அதில் நியாயம் இருப்பதாக அவளுக்குப் பட்டது. பழைய கட்டிலின் தலைப்பலகையை அறுத்து, இழைத்து, எண்ணெய் தேய்த்து, மூன்று நாளில் ஒரு தட்டு மாட்டினாள். கடைசி ஆணியை அடித்துவிட்டு அதன்மேல் தன் ரேடியோவையும் கண்ணாடிக் கூட்டையும் நுனிக்காலில் எம்பி வைத்தாள். அன்றைக்கு எனக்கு இரண்டு முட்டை பொரித்துத் தந்தாள். நான் தின்னும்போது எதிரே உட்கார்ந்து குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்டா. எல்லாம் அவ வேலைன்னு இப்பதான் புரியுது. நீ எம்பக்கம்தான். இல்லன்னா தட்டு மாட்டச் சொல்லுவியா?"

எதைப் பற்றிச் சொல்கிறாய் என்று நான் கேட்கவில்லை. மிச்சமிருந்த இன்னொரு முட்டையையும் எடுத்துக்கொண்டேன். உப்பு சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளைச் சந்தைக்கு அனுப்பினோம். மனைவி நீளமாக ஒரு பட்டியல் கொடுத்தாள், நாலு கடை ஏறி இறங்குகிற மாதிரி. அக்கா தெரு திரும்பியதும் தகரப் பெட்டி, பாய், இரண்டு போர்வை, ரேடியோ, கண்ணாடிக் கூடு, ஒரு மூட்டை துணி எல்லாவற்றையும் நடையில் கொண்டுபோய் வைத்தோம். மொத்தமே கால்மணி நேரத்து வேலை. ஒரு ஆளின் சாமான் இவ்வளவுதானா என்று மனைவி கேட்டாள். பதினொரு மணிக்கு அந்த ஜோடியின் வண்டி வந்தது.

அக்கா பையோடு திரும்பி வந்தபோது நிலம் அளக்கிறவன் கட்டிலைச் சாய்த்து அடுப்பறைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தான். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தாள். தட்டில் பால்புட்டிகள் வரிசையாக இருந்தன. இன்னும் பிறக்காத குழந்தைக்கு ஆறு புட்டி. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கும்பிட்டாள். அக்காவும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

முன்பக்கம் வந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அதற்கான பதில்கள் என்னிடம் தயாராக இருந்தன. வீட்டு நிலைமை, வேலை இல்லாதது, எல்லாம். அவள் அதையெல்லாம் கேட்கவில்லை.

"நான் போன்ல சொல்லிட்டிருந்தது உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணு வாரமா."

அவள் உதடு லேசாக அசைந்தது. நாட்களை எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

"அப்பவும் வர்ற போனுக்கெல்லாம் நான் சொல்லிட்டிருந்தேனே."

"ஆமா."

"தட்டு?"

"அந்தப் பொண்ணு கேட்டுச்சு. அது உயரமான பொண்ணு."

தலையை ஆட்டினாள். கணக்கு சரியாக வந்ததுபோல் இருந்தது அந்த ஆட்டல். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். மனைவிதான் நிலைமையைச் சமாளித்தாள். வாங்க அண்ணி, இடத்தைக் காட்டுகிறேன் என்று நடைக்குக் கூட்டிப்போனாள். பாயை விரித்தார்கள். அக்கா படுத்துப் பார்த்தாள். கால் குளியலறைக் கதவை இடித்தது.

"கொஞ்சம் மடக்கிக்கிட்டாப் போதும்" என்றாள் மனைவி.

"முழங்கால் மடங்காதும்மா" என்றாள் அக்கா. புகாராகச் சொல்லவில்லை. மருந்துக்கடையில் விவரம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

தலைமாட்டை மாற்றிப் போட்டோம். அப்போது தலை மெஷினை இடித்தது. மெஷினை ஒரு சாண் நகர்த்தினோம். அதன் தண்ணீர்க் குழாய் அதற்குமேல் நீளவில்லை. கடைசியில் கோணலாகப் படுத்தால் சரியாக இருந்தது. திங்கள், வியாழன் மட்டும் காலை ஆறு மணிக்கு மெஷின் போடவேண்டும், அதற்குள் எழுந்துவிடுங்கள் என்று மனைவி சொன்னாள். சரி என்றாள்.

நான் பாட்டில் கம்பெனிக்குப் போகவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. குடிவந்தவர்கள் நல்லவர்கள், சத்தம் கிடையாது. ஒரு விஷயத்தில் மட்டும் தடுமாறினார்கள். அந்த அடுப்பு லேசில் பற்றாது. முதலில் ஒரு காகிதத்தைக் கொளுத்திக் குழாய்க்குள் தூக்கிப் பிடித்து, உள்ளே இருக்கும் குளிர்க்காற்றை விரட்டவேண்டும். இல்லாவிட்டால் புகை முழுக்க அறைக்குள் இறங்கும். இரண்டு நாள் கண்ணெரிச்சலுக்குப் பிறகு அந்தப் பெண் நடைக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டாள்.

குளிர் அன்றைக்குத்தான் கூடியிருந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். நான் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன், ஏதாவது எசகுபிசகாகச் சொல்லிவிடப்போகிறாள் என்று. அவள் காகிதத்தைச் சுருட்டிப் பற்றவைத்து உயர்த்திப் பிடித்தாள். குழாய் உறுமியது. சுள்ளி, அதன்மேல் சிறாய், அதன்மேல் கட்டை. கதவைச் சாத்தினாள். ஒரு பொட்டுப் புகை இல்லை.

வேலை முடிந்தது. அவள் எழவில்லை. நாங்கள் எடுக்காமல் விட்ட அந்த மரப்பெட்டியில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே இருந்தாள். இரும்பு கிணுகிணு என்று சூடேறும் சத்தம் கேட்டது. இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்திருந்தாள். அந்தப் பெண் பொறுமையாக நின்றாள். கணவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மரியாதையாகத்தான் கேட்டாள்.

"இன்னும் ஏதாவது வேலை இருக்குங்களா?"

இல்லை என்றாள் அக்கா. நான் கை கொடுத்துத் தூக்கி விட்டேன். வெளியே வந்ததும் அந்தப் பெண் கதவைச் சாத்தினாள், சூடு வெளியே போய்விடக்கூடாது என்று.